பேஸ்மெண்டில் ஒரு டாங்கி

(மூத்த குடியிருப்போர் மாதக் கூட்டத்தில் கிளப் ஹவுஸில் பேசியது. பொதுக்குழுவுக்கு முன்னால் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



போன மாதம் டாக்டரம்மா சர்க்கரை நோய் பற்றிப் பேசினார்கள். நாற்காலி போதவில்லை. இந்த மாதம் "பழைய ராணுவ வண்டிகள்" என்று அறிவிப்புப் பலகையில் போட்டும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். சுண்டலுக்காக வந்தவர்கள் இருந்தாலும் பாதகமில்லை, கடைசியில்தான் கொடுப்பார்கள்.

நான் பேசுவதற்குக் காரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பி பிளாக் ஸ்டில்ட் பார்க்கிங்கில் தார்ப்பாய் போட்டு மூடி நிற்கும் ஜோங்கா. அதை அப்புறப்படுத்த வேண்டும் என்பது பொதுக்குழு அஜெண்டாவில் ஆறாவது தீர்மானம். அதை ஒழுங்காக ஓர் இடத்தில் நிறுத்தி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளும் வெளியாட்களும் வந்து பார்க்கும்படி செய்ய வேண்டும் என்பது சுபேதார் சாரின் விருப்பம். அவர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் அந்த வண்டியை எடுக்கச் சொல்லிக் கொடுத்த மனுவில் ஐந்தாவது கையெழுத்து என்னுடையது. அதை மறைத்துக்கொண்டு பேசுவது முறையல்ல.

அந்தக் கையெழுத்துக்கும் இந்தப் பேச்சுக்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். அதைச் சொல்வதற்கு முன் ஜெர்மனியில் நடந்த ஒரு சமாசாரம். பார்க்கிங் பிரச்சினை உள்ள எல்லோரும் கேட்க வேண்டியது.

ஜெர்மனியின் வடக்கே கீல் துறைமுகத்தை ஒட்டி ஹைக்கன்டார்ஃப் என்று ஓர் ஊர். அங்கே ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டின் பேஸ்மெண்டில் 2015 ஜூலையில் போலீஸ் சோதனை போட்டது. உள்ளே இருந்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்து பாந்தர் டாங்கி. சுமார் 45 டன். கூடவே ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கி, ஒரு டார்பிடோ. ராணுவத்தை வரவழைத்து, சுமார் இருபது பேர் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம் போராடி அந்த டாங்கியை வெளியே இழுத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது புதிய செய்தியே இல்லை. 1978 கடைசியில் வந்த பெரும் பனிப்புயலின்போது மனிதர் அதை வெளியே எடுத்து ஓட்டியதை நினைவு வைத்திருந்தார்கள். வழக்கு 2021 வரை இழுத்தது. போர் ஆயுதச் சட்டத்தின் கீழ் 14 மாதச் சிறைத்தண்டனை, அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டரை லட்சம் யூரோ கட்ட வேண்டும் என்றார்கள். டாங்கியை இரண்டு ஆண்டுக்குள் அருங்காட்சியகத்துக்கோ சேகரிப்பாளருக்கோ கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அந்த மனிதர் யாரையும் சுடவில்லை. காதலித்த ஒரு பொருளை வீட்டில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனாலும் அவர் மேல் எனக்குப் பரிதாபம் முழுசாக வரவில்லை. நாற்பது வருடம் பூட்டி வைத்த பொருள். ஊரில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அதைப் பார்க்க முறையான வழி இல்லை. அதன் கதை என்ன, குழாய் அடைக்கப்பட்டதா இல்லையா என்று கேட்க ஆளில்லை. எங்கள் வங்கியில் இதற்கு ஒரு பெயர் உண்டு, செயல்படாத கணக்கு. பணம் இருக்கும், வட்டி ஓடும், ஆனால் யாருக்கும் அது இருப்பதே தெரியாது. ஒருநாள் ஆள் போய்விட்டால் வாரிசு வந்து கவுண்டரில் நின்று முழிப்பார்.

இப்போது இன்னொரு மனிதர். ஜாக் லிட்டில்ஃபீல்ட், கலிஃபோர்னியாக்காரர், 1949இல் பிறந்தவர். வசதியான குடும்பம். ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஹ்யூலெட் பேக்கார்டில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் டாங்கி மாடல்கள் செய்து விளையாடிய பையன், எழுபதுகளில் நிஜமான ஒரு ராணுவ ஸ்கவுட் கார் வாங்கினார். அதோடு நிற்கவில்லை. போர்ட்டோலா வேலி என்ற இடத்தில் தன் பண்ணையில் கொட்டகை மேல் கொட்டகையாகக் கட்டி, 200க்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் சேர்த்தார். வெறுமனே சேர்க்கவில்லை. சொந்தப் பட்டறை, முழுநேர மெக்கானிக்குகள். துருப்பிடித்த இரும்பாக வந்ததை ஓடும் வண்டியாக மாற்றுவதுதான் அவருக்கு ருசி.

அதில் ஒன்று, மேலே சொன்ன அதே பாந்தர் ரகம். போலந்தில் ஓர் ஆற்றுக்குள் கிடந்ததை எடுத்து, அவர் கைக்கு வந்து, வருடக்கணக்கில் வேலை செய்து 2008இல் ஓட வைத்தார்கள். பாந்தரின் சக்கரங்களைப் பற்றி ஆவடியில் வேலை பார்த்த நம் ஏ பிளாக் அண்ணன் ஒரு மணி நேரம் பேசுவார். ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு. அதில் சக்கரங்கள் அப்பளத்தை அடுக்கியது போல ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். உள் சக்கரம் ஒன்று கெட்டால் வெளியே இருக்கும் நல்ல சக்கரங்களையும் கழற்றியாக வேண்டும். குளிர்காலத்தில் நடுவில் சேறு உறைந்துவிட்டால் வண்டி நகராது. அப்படிப்பட்ட ஒன்றை ஆற்று மணலிலிருந்து மீட்டு ஓட வைத்தார்கள். அடுத்த 2009 ஜனவரியில் லிட்டில்ஃபீல்ட் புற்றுநோயால் காலமானார். வயது 59.

அவர் இருந்தபோது அந்தச் சேகரிப்பைப் பார்க்க முடியுமா என்றால், முடியும். முன்கூட்டியே கேட்டு, குழுவாகப் போய், தன்னார்வலர் ஒருவர் கூட வந்து காட்டுவார். அவர் தாராள மனிதர்தான். ஆனால் ஒருவர் தயவில் பார்ப்பது வேறு, டிக்கெட் எடுத்துப் பார்ப்பது வேறு. தயவில் பார்ப்பவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். டிக்கெட் எடுத்தவன் கேள்வி கேட்பான். "இது ஒரிஜினலா? இதை ஓட்டினவன் என்ன ஆனான்? என் பிள்ளைக்கு இதை ஏன் காட்டுகிறாய்?" என்று கேட்பான்.

நல்ல வேளையாக, 1998லேயே ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தி வண்டிகளை அதன் கீழ் கொண்டுவந்திருந்தார். லாக்கர் செக்‌ஷனில் பதினோரு வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாமினி எழுதிய கணக்கு நாமினி எழுதிய கணக்குதான். குடும்பம் 2013இல் முழுச் சேகரிப்பையும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள காலிங்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2014 ஜூலையில் பெரும்பகுதியை ஏலம் விட்டார்கள். சுமார் 1 கோடி டாலர் வந்தது. அந்தப் பணத்தை, மீதி வண்டிகளை வைத்து அருங்காட்சியகம் கட்டுவதற்கு ஒதுக்கினார்கள்.

இது சிலருக்கு வருத்தம். ஒரு மனிதர் முப்பது வருடம் சேர்த்ததை இரண்டு நாளில் கூறுபோட்டு விற்றுவிட்டார்களே என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 200 வண்டிகளுக்குக் கூரை போட்டு, எண்ணெய் மாற்றி, ஆள் வைத்து, பொதுமக்களை உள்ளே விடுவது எந்தக் கணக்கிலும் நிற்காது. ஷெர்மன் டாங்கி ஒரு கிலோமீட்டர் ஓட மூன்று லிட்டருக்கு மேல் குடிக்கும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது நம் கணக்கு, கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது அதன் கணக்கு. பூட்டி வைத்திருக்கும்வரை எத்தனை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். திறக்க வேண்டும் என்றால் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

பணம் வந்தாயிற்று, இடமும் இருக்கிறது. அப்புறம் வந்ததுதான் நம் கதை. பக்கத்து வீட்டுக்காரர்கள்.

காலிங்ஸ் ஃபவுண்டேஷன் இருப்பது ஸ்டோ என்ற சிற்றூர். ஆப்பிள் தோட்டங்களும் மரங்களும் உள்ள அமைதியான இடம். அங்கே டாங்கி அருங்காட்சியகம் என்றதும் ஊர்த் திட்டக் குழு அனுமதி மறுத்தது. மாசசூசெட்ஸில் ஒரு சட்டம் இருக்கிறது, டோவர் திருத்தம் என்பார்கள், 1950இல் வந்தது. கல்வி நிறுவனமோ மத நிறுவனமோ ஓரிடத்தில் வருவதை நில உபயோக விதியைக் காட்டி ஊர் தடுத்துவிட முடியாது. அப்படியானால் டாங்கிகளை வரிசையாக நிறுத்திக் காட்டுவது கல்வியா? வழக்கே அந்தக் கேள்வியில்தான் நின்றது. வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஸ்டோவுக்கும் ஹட்சன் என்ற ஊருக்கும் எல்லையில், ஹட்சன் விலாசத்தில், 2019 மே மாதம் அமெரிக்கன் ஹெரிட்டேஜ் மியூசியம் என்ற பெயரில் திறந்தார்கள்.

எனக்குப் படுவது, எதிர்த்தவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. "இது கல்வியா, காட்டு பார் வேடிக்கையா?" என்று கோர்ட்டில் கேட்கப்பட்ட பிறகு வெறுமனே டாங்கியை நிறுத்திவிட்டுப் போக முடியுமா? பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதிலைத்தான் நான் நேரில் பார்த்தேன். பாஸ்டனிலிருந்து மேற்கே சுமார் 45 கிலோமீட்டர். டிக்கெட் விலையை என் வீட்டம்மா ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன். கொலை பண்ற வண்டியைப் பார்க்க இவ்வளவு காசா?" என்றாள். மாப்பிள்ளை எப்படியோ சமாதானம் செய்து உள்ளே கூட்டி வந்தார்.

உள்ளே போனதும் டாங்கி வராது. முதல் உலகப் போரின் பதுங்குகுழி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இருட்டு, சத்தம். அதற்குள் நடந்துதான் பெரிய கூடத்துக்கு வர வேண்டும். அங்கே வந்தால், ஆற்றிலிருந்து எடுத்த அந்த பாந்தர் நிற்கிறது. என் பேரனுக்கு ஒன்பது வயது. அவன் பாந்தரைவிட ஷெர்மனிடம்தான் போய் நின்றான். பக்கத்தில் தன்னார்வலர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், பள்ளிப் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவராம். வண்டிகளின் அடியில் எண்ணெய் சொட்டுக்கு வைத்திருந்த தட்டுகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சொட்டுகிறதே, கோளாறா?" என்றேன். "சொட்டவில்லை என்றால்தான் கோளாறு, எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்" என்றார். சுபேதார் சார் சிரிக்கிறார் பாருங்கள்.

ஷெர்மனைக் கிட்டத்தட்ட 50,000 செய்தார்கள். அவ்வளவு எஞ்சினுக்கு எங்கே போவது? ஒரு ரகத்துக்கு விமான எஞ்சினை வைத்தார்கள். இன்னொன்றுக்கு கிறைஸ்லர் கம்பெனி ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகக் கட்டிப்போட்டு முப்பது சிலிண்டரில் ஒரே எஞ்சினாக்கியது. 1945 மார்ச்சில் பர்மாவில் மெய்க்டிலாவைப் பிடித்தபோது இந்தியப் படையின் டாங்கி ரெஜிமெண்டுகள் ஓட்டியதும் ஷெர்மன்தான். நான் இதையெல்லாம் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது பேரன் அந்தப் பெரியவரிடம் கேட்டான், "தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியே வருவார்கள்?"

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அவன் உயரத்துக்கு வந்து சொன்னார். உள்ளே ஐந்து பேர். முன்னால் இரண்டு பேர், மேலே சுழலும் கோபுரத்தில் மூன்று பேர். முதலில் வந்த ஷெர்மன்களில் கோபுரத்தில் இருந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வாசல்தான். குண்டு நிரப்புகிறவன் கடைசி. மற்ற இருவரும் ஏறிப் போகும்வரை அவன் காத்திருக்க வேண்டும். போர் பாதி நடந்த பிறகுதான் அவனுக்கென்று இரண்டாவது வாசல் வைத்தார்கள். "இதில் எத்தனை வாசல் என்று நீயே எண்ணிப் பார்" என்றார். பேரன் சுற்றிச் சுற்றி வந்து எண்ணினான். என் வீட்டம்மாவும் எண்ணினாள். வெளியே வரும்போது டிக்கெட் விலையைப் பற்றி அவள் பேசவில்லை.

(நம் பி பிளாக் ஃபயர் எக்ஸிட் படியில் செருப்பு ஸ்டாண்டும் பழைய மெத்தையும் வைத்திருப்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை.)

இன்னொன்றையும் அங்கே கேட்டுக்கொண்டேன். ஓட வைப்பதற்காகப் பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் அது பழைய வண்டிதானா? பெரியவர் சொன்னது, மாற்றுவது குற்றமில்லை, மாற்றியதை எழுதி வைக்காததுதான் குற்றம். எனக்கு உடனே பிடித்துவிட்டது. லெட்ஜர் காலத்தில் எண் தப்பாகிவிட்டால் ரப்பரால் அழிக்க மாட்டோம். குறுக்கே ஒரு கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் சுருக்கொப்பம். பழைய தப்பும் தெரிய வேண்டும், யார் திருத்தினார் என்பதும் தெரிய வேண்டும்.

எல்லாம் நல்லபடியாகவே முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் பால் ஆலன் தன் போர் விமானங்களையும் டாங்கிகளையும் சியாட்டிலுக்குப் பக்கத்தில் எவரெட் விமான நிலையத்தில் 2008இல் பொதுமக்களுக்குத் திறந்தார். 2018இல் அவர் இறந்தார். 2020இல் மூடினார்கள், 2022இல் சேகரிப்பு கை மாறியது, மறுபடி திறந்தது 2023இல். உலகப் பணக்காரர் ஒருவரின் சேகரிப்புக்கே மூன்று வருடம் கதவடைப்பு. அதே சமயம் இங்கிலாந்தில் நார்ஃபோக் கடற்கரையில் மக்கிள்பரோ சேகரிப்பு என்று ஒன்று, பழைய ராணுவ முகாமில் ஒரு குடும்பம் 1988இல் திறந்தது. அது பாட்டுக்கு டாங்கி ஓட்டிக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இனி நம் ஜோங்காவுக்கு வருகிறேன். ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை நம் ராணுவத்துக்காக நிஸ்ஸான் பேட்ரோல் வடிவத்தில் செய்த வண்டி. பெயரே ஜபல்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் ஆங்கில முதலெழுத்துகளில் வந்தது. நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சுபேதார் சார் பணியில் இருந்தபோது கை வைத்த ரகம், டிஸ்போசல் ஏலத்தில் எடுத்து ஆறு வருடம் செலவழித்து ஓட வைத்தார். டாங்கி இல்லை, பீரங்கி இல்லை. அருங்காட்சியகத்துக்கு முன்னால் அது தூசு. ஆனால் நிலைமை ஒன்றுதான். அவருக்கு 78 வயது. பிள்ளை கனடாவில். மகள் "அப்பா, வித்துடுங்க" என்கிறாள். விற்றால் யாரோ வாங்கி, பள்ளிகொண்டா பக்கம் டீசல் எஞ்சின் மாட்டி கல் குவாரிக்கு ஓட்டுவார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பெட்ரோல் வண்டி, பழைய குழாய். அந்த இடத்தில் ஒரு கார் நிறுத்தினால் சங்கத்துக்கு வாடகை. விசிட்டர்கள் வந்தால் செக்யூரிட்டி யார் பார்ப்பது? இவை எல்லாமே ஸ்டோ ஊர்க்காரர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள்தான். நான் சுபேதார் சாரோடு மூன்று நாள் உட்கார்ந்து பேசி எழுதி வைத்திருப்பது இது. வண்டி ஸ்டில்ட்டை விட்டு வெளியே, ஜெனரேட்டர் ஷெட் பக்கத்துத் திறந்த மூலைக்கு வரும், கூரைச் செலவு அவருடையது. டேங்க்கில் ஐந்து லிட்டருக்கு மேல் பெட்ரோல் இருக்காது, பேட்டரி கழற்றியே இருக்கும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கும். ஸ்டார்ட் செய்வது மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு, பத்து நிமிடம் மட்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் அலுவலகத்தில் இருக்கும். அவருக்குப் பிறகு வண்டி சங்கத்துக்கு, சங்கம் வேண்டாம் என்றால் எந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்பதையும் உயிலில் எழுதித் தருகிறார். மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விண்டேஜ் பதிவு, முதல் பதிவாகி 50 ஆண்டு ஆன வண்டிகளுக்கு. அது இந்த வண்டிக்கு இன்னும் வெகு தூரம், அதனால் அந்தச் சலுகையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் எதை மாற்றினார் என்பதற்கு நோட்டுப்புத்தகம் இருக்கிறது. பார்த்துவிட்டேன். கார்புரேட்டர் ஒரிஜினல் இல்லை, இரண்டு இடத்தில் வயரிங் புதியது, தேதியோடு எழுதியிருக்கிறார். எனக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. என் ஐந்தாவது கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டுச் சுருக்கொப்பம் இட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மீதிப் பதினெட்டுக் கையெழுத்து அப்படியே இருக்கிறது, பொதுக்குழுவில் அவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் ஓட்டுப் போடுவதற்கு முன் ஒரு தடவை தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்கள். பதினொரு வருடமாக இங்கே குடியிருக்கிறேன், மனுவில் கையெழுத்துப் போடும்வரை நான் அதைப் பார்த்ததே இல்லை.

இந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்டார்ட் செய்து காட்டுவதாக சார் சொல்லியிருக்கிறார். முதலில் கொஞ்சம் புகை வரும். பி பிளாக்கில் முதல் இரண்டு மாடிக்காரர்கள் பால்கனியில் காயும் துணியை முன்பே எடுத்துவிடுங்கள். இப்போது சுண்டல் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.